இறக்கிவைத்த இடம்

இது நடந்தது ஆடியிலா ஆவணியிலா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. புழுதிக்காற்று அடித்தது நினைவிருக்கிறது. ஆனால் மதுரையில் காற்றடித்த நாளெல்லாம் ஆடி ஆகிவிடாது. அந்தப் பெரியவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டையா, சந்தன நிறமா என்பதிலும் குழப்பம். பாண்டீஸ்வரி சொன்னதைத்தான் இங்கே சொல்வது. அவள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிறுத்துவாள். நிறுத்தினால் வெகுநேரம் வாய் திறக்கமாட்டாள். அந்த இடைவெளிகளில் கேட்டவன் தானாகப் போட்டு நிரப்பிக்கொண்டது எவ்வளவு, அவள் சொன்னது எவ்வளவு என்று இப்போது பிரித்தெடுக்க வழியில்லை. விளக்கு விஷயம் மட்டும் அவள் வாயால் சொன்னது. அதில் சந்தேகமில்லை.

பெருங்குடியில், விமான நிலையத்துக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் நிழல் ட்ராவல்ஸ். உள்ளே ஒரு மேஜை, ஒரு திரை, ஒரு மின்விசிறி, வண்டி பிடிக்க அழைப்பவர்களிடம் பேசுகிற இதாயத்துல்லா. வெளியே வண்டிகள் சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கும். அவை தாமாகவே ஓடப் பழகி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் முன்சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவரை டிரைவர் என்றுதான் இன்னும் கூப்பிட்டார்கள். பாண்டீஸ்வரி அப்படி ஒரு டிரைவர். வண்டி ஓட்டி அவள் கை மறந்தே போயிருந்தது.

அன்று காலையில் அவள் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து டீயில் பன்னை முக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வயதானவர்கள்தான் போனில் பதிவு செய்வார்கள், மற்றவர்களுக்கெல்லாம் ஆப் இருக்கிறது. இதாயத் ஸ்பீக்கரில் போட்டான்.

"புனேயிலேர்ந்து பேசுதேன். ஆவுடையப்பன்னு பேரு. மத்தியானம் பிளைட்ல மதுரைக்கு வாரேன். ஏர்போர்ட்லேர்ந்து ஓட்டலுக்கு ஒரு வண்டி வேணும்."

"போட்டுரலாங்கய்யா. எந்த ஓட்டலு?"

மேலவெளி வீதியில் ஒரு ஹோட்டல் பெயரைச் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் அங்கிருந்து ராமேஸ்வரம் போகவும் இதே வண்டி வேண்டும் என்றார்.

"எத்தனை பேருங்கய்யா?"

பதில் வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இதாயத் திரையைப் பார்த்தான்.

"ஒரு ஆள்தான்," என்றது குரல். "பெட்டி ஒண்ணு. அப்புறம் கையில ஒண்ணு."

இதாயத் 'கைப்பை' என்று தட்டினான். "பாரம் இறக்கணுங்களாய்யா?"

"பெட்டியை நானே தூக்கிக்கிடுவேன்."

"அது இல்லைங்கய்யா, மனசுல இருக்கிறது. பயம், கோவம், வருத்தம், எதுன்னாலும் நீங்க வண்டியில உக்காந்ததும் எங்க டிரைவருக்குப் போயிரும். ஞாபகமெல்லாம் உங்ககிட்டயே இருக்கும், கனம் மட்டும் இருக்காது. இறங்கிக் கிளம்புறப்ப தானா உங்ககிட்ட வந்துரும்."

"வரணுமா? அழிச்சிர முடியாதோ?"

"ஆரம்பத்துல அழிச்சுத்தான் பாத்தாங்க. அழிச்சவங்க அப்புறம் பெத்த புள்ளையவே பக்கத்து வீட்டுப் புள்ளை மாதிரி பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதனால கைமாத்த மட்டுந்தாங்கய்யா முடியும். யாராவது ஒருத்தர் வச்சிருந்துதான் ஆகணும்."

"அந்த ஒருத்தருக்குக் கஷ்டமா இருக்காதா?"

பதிவு செய்கிற யாரும் இதைக் கேட்டதில்லை. இதாயத் பாண்டீஸ்வரியைப் பார்த்தான். அவள் நனைந்து அறுந்து டம்ளருக்குள் விழுந்துவிட்ட பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழகிருச்சுங்கய்யா அவங்களுக்கு."

"தனி ஆளுக்கு ரூம் குடுக்க ஓட்டல்ல யோசிப்பான்னு சொன்னாங்க. அதுலயும் வயசான ஆளு, மூஞ்சி ஒரு மாதிரி இருந்துட்டா, ரூமுக்குள்ள போயி ஏதாவது பண்ணிக்கிடுவானோன்னு பயம் இருக்கும்லா? கவுன்டர்ல நிக்கிற வரைக்கும் வச்சிருந்தாப் போதும். அப்புறம் எங்கிட்டக் குடுத்துருங்க."

"சரிங்கய்யா," என்று இதாயத் போனை வைத்தான். "யக்கா, ஒனக்குத்தான். சத்தமில்லாத லோடு மாதிரி தெரியுது."

"வரட்டும். போன வாரம் ஒரு மாப்பிள்ளைப் பையன எங்கிட்ட ஏத்திவிட்டியே, அதை விடவா? எனக்கே யாரோ தாலி கட்டப்போற மாதிரி ரெண்டு கையும் வேர்த்துக் கொட்டுச்சுடா."

"மாப்பிள்ளை நல்லாத்தான் சிரிச்சுக்கிட்டே இறங்கினாராம்."

"ஆமா, மண்டபத்து வாசல்ல வச்சு வாங்கிக்கிட்டாரு. அந்த மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ."

இருவரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரியின் சிரிப்பு அப்போதெல்லாம் வாயோடு நின்றுவிடும்.

பாரம் திரும்பிப் போவதற்கு கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது. இறங்குகிறவர் விடைபெறும் சொல் எதையாவது சொல்லவேண்டும். 'வர்றேன்', 'போயிட்டு வர்றேன்', 'பை', எதுவானாலும் சரி. வண்டியும், டிரைவர் கழுத்தில் மாட்டியிருக்கும் பட்டையும் அதைக் கேட்டுக்கொள்ளும். ஊர்ப்பட்ட ஆட்களைக் கவனித்து, சொல்லாமல் இறங்குகிறவர் யாருமில்லை என்று கண்டுபிடித்து வைத்த ஏற்பாடு. பயணிக்கு மட்டும் இதைச் சொல்லக்கூடாது. தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு பாரத்தை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

திரும்பாத பாரம் பயணி தூங்கி எழுவதற்குள் டிரைவரிடமே தங்கிவிடும். தூங்கி எழுந்த மனத்தில் அதற்கு இடம் இருக்காது. திருமங்கலம் செல்வராணி என்ற டிரைவருக்கு அப்படித்தான் ஆனது. விமானப் பயத்தோடு வந்த பயணி ஒருவர் வண்டியிலேயே தூங்கி, தூக்கக் கலக்கத்தில் இறங்கிப் போய்விட்டார். செல்வராணி விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் இன்றும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். முதலில் கனம் வயிற்றில்தான் இருந்ததாம், தங்குகிற நேரத்தில் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். டிரைவர்கள் எல்லோரும் அதை மனத்தில் வைத்திருந்தார்கள்.

பயணியின் மனம் சமாதானமாகட்டும் என்று டிரைவர் சீட்டின் முதுகில், பின்னால் இருப்பவர் பார்க்கிற மாதிரி, மிளகு அளவில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். பாரம் கைமாறியிருக்கும்வரை எரியும். முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருந்ததில்லை. உடம்பே சொல்லிவிடும்.

கண்ணுச்சாமி செத்த அன்றும் பாண்டீஸ்வரி பாரத்தோடுதான் இருந்தாள். கப்பலூருக்கு வேலைக்குப் போகிற வழியில், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அவள் புருஷனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. போன் வந்தபோது அவள் யாரோ ஒரு பெண்ணின் கோபத்தைத் தூக்கிக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டே சேதியைக் கேட்டாள். பாரத்தை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது உள்ளே ஒன்றும் இல்லை. துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. உடலை எடுத்துக்கொண்டு போகும்போதும் அழவில்லை. காரியம் முடிந்து இரண்டு கோடை போயிற்று. திண்டுக்கல்லில் படிக்கிற மகள் சுடர்விழி போனில் சாப்பிட்டாயா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். ஒரே ஒரு தடவை மட்டும், "அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேம்மா நீ," என்றாள். வேலை அப்படி என்று நினைத்துக்கொண்டாள். உளியடிக்கிறவனுக்கு உள்ளங்கை காய்த்துப்போகிற மாதிரி.

மத்தியானம் பெயர் எழுதிய அட்டையோடு வெளிவாசலில் நின்றாள். கடைசி ஆளாக அவர் வந்தார். மஞ்சள் துணிப்பை ஒன்றை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பெட்டியை விமான நிலையத்து ஆள் உருட்டிக்கொண்டு வந்தான். பைக்குள் இருந்த மண்கலயத்தின் வாய், துணிக்கு மேலேயே வட்டமாகத் தெரிந்தது. கைப்பை என்று இதாயத் தட்டியது அதைத்தான்.

பாண்டீஸ்வரி செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆவுடையப்பன் ஐயாங்களா? வாங்க."

"நீங்கதான் அந்த ஒருத்தரா?" என்றார்.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தலையாட்டினாள்.

"மன்னிச்சிக்கிடுங்கம்மா," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

வண்டி புறப்பட்டது. பெருங்குடி தாண்டுவதற்குள் வந்துவிட்டது. பயம் என்றால் வயிற்றில் வரும், கோபம் தாடையில். இது தோளில் வந்து உட்கார்ந்தது, தண்ணீரில் நனைத்த சாக்கு மாதிரி. அவள் மூச்சை மெல்ல விட்டு, கழுத்தைச் சரித்து, அதற்கு இடம் கொடுத்தாள். எத்தனையோ துக்கம் தூக்கியிருக்கிறாள். இதற்கு அடி தெரியவில்லை.

பின்னால் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"அட," என்றார். சற்றுக் கழித்து, "பசிக்குதும்மா. ரொம்ப நாளாப் பசின்னு ஒண்ணே தெரியாம இருந்தது."

வில்லாபுரத்தில் ஒரு தள்ளுவண்டி அருகில் நிறுத்தச் சொல்லிப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் டம்ளரைப் பிடித்து ஊதிக் குடித்தார். சுக்கு கொஞ்சம் தூக்கல் என்றார். அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவளுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்திருந்து, அவர் பார்க்காதபோது கீழே ஊற்றினாள்.

தெற்குவாசல் பாலம் ஏறும்போது அவராகவே சொன்னார். "பையன்தான். தளவாய்னு பேரு. அவன் அம்மா போனப்புறம் நானும் அவனும் மட்டுந்தான் புனேயில. ஆபீசுக்குப் போறவன் லிப்ட்டுக்கிட்ட உக்காந்துட்டான். அம்புட்டுதான்." ரயில் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "இதைச் சொல்ல முடியுது பாருங்க இப்ப."

பயணியின் பாரம் எதைப் பற்றியது என்று டிரைவர் கேட்கக்கூடாது. அவராகச் சொன்னால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. பாண்டீஸ்வரியின் தோள் இன்னும் சற்று இறங்கியது.

ஹோட்டல் முற்றத்தில் வண்டி நின்றது. அவர் இறங்கவில்லை.

"இதை உள்ள கொண்டு போகக்கூடாதும்மா. நாலு பேரு தங்குற இடம். ஊர்ல மரத்துல கட்டிவைப்பாங்க." முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். தொட்டியில் இரண்டு பிளாஸ்டிக் ஈச்சமரங்கள் நின்றன.

"வண்டியிலயே இருக்கட்டுங்கய்யா. நான் கூடவே இருப்பேன்."

"ராத்திரி பூராவா?"

"வண்டியத்தான் நான் வீட்டுக்குக் கொண்டு போவேன். வேப்பமரத்தடியில நிறுத்துவேன்."

அவர் இறங்கிப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி பின்சீட்டுக்குள் குனிந்தார். பையை நடுவில் உட்காரவைத்து, சீட்பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தார். பார்க்கக்கூடாத எதையோ பார்ப்பது போலிருந்தது. பாண்டீஸ்வரி பத்தடி தள்ளிப் போய் வாட்ச்மேனிடம் வண்டி நிறுத்துவதைப் பற்றி ஏதோ கேட்டாள். அப்போது தோளில் ஒரு அசைவு தெரிந்தது. கனம் நழுவிய மாதிரி ஒரு கணம். அடுத்த கணமே நெஞ்சுக்குள் எதுவோ கைவைத்து அழுத்தியது. வெயில், காலையிலிருந்து வெறும் டீ என்று நினைத்துக்கொண்டாள்.

கவுன்டரில் இருந்த இளைஞன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"தனியாவா சார் வந்திருக்கீங்க?"

"நானும் என் பையனும்."

"அவர் எங்க சார்?"

"வண்டியில இருக்கான். அங்கேயே படுத்துக்கிடுவான்."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இளைஞன் சமாதானமாகிச் சாவி அட்டையை நீட்டினான். இவ்வளவு அழுத்தமாக ஒரு மனுஷன் நிற்க முடிகிறதென்றால் எல்லாம் தன்னிடம்தான் இருக்கிறது என்று பாண்டீஸ்வரி நினைத்தாள். நெஞ்சை அழுத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இதோ இப்போது சொல்லுவார், வர்றேம்மா என்பார், முடிந்தது.

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு லிப்ட்டுக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துக்கத்தில் வந்தவர் எப்படிச் சொல்லிக்கொண்டு போவார்? சாவு வீட்டிலிருந்து யாராவது 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்களா? எழுந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பேசாமல் நடப்பார்கள். சொன்னால் அந்த வாசலுக்கு மறுபடி இதே காரியத்துக்கு வரவேண்டியிருக்கும். பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம். கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்களைச் சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப்போய்விடுவார்கள், ஹோட்டலுக்கு யார் வருகிறார்கள்? சரி, தனக்கு ஏன் தோன்றவில்லை?

வண்டிக்கு வந்து முன்சீட்டில் உட்கார்ந்து இதாயத்தை அழைத்தாள்.

"இறங்கிருச்சாக்கா? ட்ரிப்பை முடிச்சிரவா?"

"இல்லடா. சொல்லாமப் போயிட்டாரு."

"சொல்லாமயா? ஏன்?"

"கையில ஒண்ணுன்னாரே, அது அஸ்திடா."

"எங்காளுகளும் மையத்து விழுந்த வீட்டுல சொல்லிக்கிறதில்லதான்," என்றான். "எங்க இருக்கு ஒனக்கு?"

"நெஞ்சுக்கு வந்துருச்சு."

"யக்கா, நீ மேல போ. அவரு படுக்கிறதுக்குள்ள போ. எதையாச்சும் பேசி ஒரு வார்த்தை வாங்கிரு. செல்வராணியக்கா மாதிரி ஆயிராத."

"அவர்கிட்ட நேரா கேட்டா?"

"கேட்டதா ரெக்கார்டு ஆனா ஒன்ன வேலைய விட்டுத் தூக்கிருவாய்ங்க."

அவள் மேலே போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு நின்றது. கதவு திறந்தது. கழுத்தில் ஈரத்துண்டு, முகத்தில் தண்ணீர். கண்கள் சிவந்திருந்தன. பிரயாணக் களைப்பு என்று நினைத்தாள். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு கேக்க மறந்துட்டேங்கய்யா."

"நாலு."

"ராமேஸ்வரத்துல சொந்தக்காரங்க வர்றாங்களா?"

"தம்பி முறை ஒருத்தன் திருநெல்வேலிலேர்ந்து வாரான்."

"சரிங்கய்யா. அப்ப நான் போயிட்டு வர்றேன்."

தலையை அசைத்தார். அவள் போகவில்லை. அவரும் கதவைச் சாத்தவில்லை.

"தண்ணி பாட்டில் ஏதாச்சும் வாங்கித் தரவாங்கய்யா?"

"வேண்டாம்மா."

"ஏசி வேலை செய்யுதா?"

"செய்யுது."

"நல்லாத் தூங்கு..." என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லிலேயே தடுக்கி நின்றாள். தூங்கிவிட்டால் முடிந்தது. "அப்ப வர்றேங்கய்யா."

மறுபடி தலையசைப்பு. நெஞ்சுக்குள் இருந்தது மேலே ஏறி வந்தது. இதுவரை தூக்கிய எதுவும் இப்படிச் செய்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். விதி, வேலை, எல்லாம் ஒரு ஓரமாகப் போயிற்று.

"ஐயா, உங்க பாரம் இன்னும் எங்கிட்டத்தான் இருக்கு," என்றாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டாத்தான் அது திரும்பும். சொல்லக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். என் வீட்டுக்குத் துக்கம் வந்தாலும் பரவாயில்ல. என்னால முடியலைங்கய்யா."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சத்தமாக வந்தது. நடைக்கூடத்தில் ஒரு கதவு திறந்து மூடியது.

அவர் அவளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள்ளிருந்து நாற்காலியை இழுத்து வந்து வாசலில் போட்டார்.

"உக்காருங்க." அவள் உட்கார்ந்தாள். அவர் தரையில், நிலைப்படிக்கு உட்புறம், மெல்ல முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க வீட்ல யாரும்மா?" என்று கேட்டார்.

"என்னதுங்கய்யா?"

"போனது யாரு?"

எதற்குக் கேட்கிறார் என்று புரியாமலே, "வீட்டுக்காரரு," என்றாள்.

"பேரென்ன?"

"கண்ணுச்சாமி."

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் இருந்தவர் அவன் தூங்குகிறான் என்று நினைத்து அடுத்த ஊர்வரை விட்டது, ஆஸ்பத்திரியில் அவன் சட்டைப்பையில் அவளுக்காக வாங்கிய முதுகு வலிப் பிளாஸ்திரி மடித்தபடி இருந்தது. காலையில் டீ ஆறிப்போயிருக்கிறது என்று அவனை ஏசியது. கடைசிப் பேச்சு அதுதான். எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு இடத்தில் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தன் கதை அவரைத் தொட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தாள். பாரம் இல்லாதவருக்குக்கூட இவ்வளவு இரக்கம் இருக்கிறதே என்றும் நினைத்தாள்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முகத்தைக் கழுவிட்டுப் போங்கம்மா," என்றார் கடைசியில். "பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"நீங்க ஒரு வார்த்தை..."

"ஒண்ணும் ஆகாது," என்றார் மறுபடி. கதவைச் சாத்திக்கொண்டார். சொல்லிக்கொள்ளவில்லை.

கீழே வந்தாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அவர் தூங்கிவிடுவார், இது தன்னிடம் தங்கிவிடும். பயம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கலயம் சரிந்திருக்குமோ என்று பின்கதவைத் திறந்தாள். சரியவில்லை. பெல்ட்டுக்குள் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் எதிரே, அவளுடைய சீட்டின் முதுகில், மிளகு அளவு விளக்கு இருந்தது.

எரியவில்லை.

தொட்டுப் பார்த்தாள். விரலால் தட்டினாள். பிறகு உள்ளே ஏறிக் கலயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் பின்சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இதாயத்து, வெளக்கு அணைஞ்சிருக்கு."

"வார்த்தை வாங்கிட்டியா? அல்லாவே, இங்க உசுரே இல்லக்கா எனக்கு."

"இல்ல. அவரு சொல்லவே இல்ல. வண்டி என்னத்தக் கேட்டுச்சுன்னு பாரு."

அவன் தேடுவது கேட்டது. நிறுத்தி, மறுபடி ஓடவிடுவது கேட்டது.

"சொல்லியிருக்காருக்கா. ஒங்கிட்ட இல்ல." அவன் குரல் இறங்கிவிட்டது. "'காலையில வாரேன்ப்பா, தனியா இருந்துக்கிடுவியா'ன்னு கேட்டிருக்காரு. அப்பவே திரும்பிருச்சு."

"எப்ப?"

"ஓட்டலுக்குள்ள போறதுக்கு முன்னாடி. கதவைச் சாத்துறதுக்கு முன்னாடியே."

கவுன்டரில் பேனா பிடித்த கையை அவள் நினைத்துப் பார்த்தாள். நடுக்கம் இல்லாத அந்தக் குரலையும், குழாய்ச் சத்தத்தையும், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும்.

"அப்ப எங்கிட்ட இருக்கிறது?" என்றாள்.

இதாயத் ட்ரிப்பை முடிக்கிற பொத்தானை அமுக்காமல் லைனிலேயே இருந்தான்.

மறுநாள் விடியற்காலையில் அவள் அவரை ராமேஸ்வரம் கூட்டிப்போனாள். பாரம் இறக்கவா என்று அவள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. முந்தைய நாளைப் பற்றியும் பேசவில்லை. பரமக்குடியில் டீ குடித்தார்கள். அக்கினி தீர்த்தத்தில் அவர் கலயத்தோடு இறங்கியபோது அவள் கரையில் அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து அவர் தம்பி முறைக்காரரோடு திருநெல்வேலிக்குப் போனார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. புனேக்குத் திரும்பவே இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் நான்கு வருஷம் இருந்து இறந்தார்.

இதாயத் இப்போது மேலூரில் மனைவியின் அண்ணனோடு சேர்ந்து போன் கடை வைத்திருக்கிறான். நிழல் ட்ராவல்ஸ் விடைபெறும் சொல்லை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்தது. பிறகு வேறு ஒரு கம்பெனி அதை வாங்கிப் பெயரை மாற்றியது. பாரம் தூக்க ஆட்கள் இன்னும் வருகிறார்கள். செல்வராணி கட்டிலுக்கு அடியில் ஒரு பாய் விரித்து வைத்திருக்கிறாள்.

பாண்டீஸ்வரி அந்த மாதத்தோடு வேலையை விட்டாள். கையால் ஓட்டுகிற பள்ளிக்கூட வேன் ஒன்று அவனியாபுரத்தில் கிடைத்தது, அதை ஓட்டுகிறாள். சுடர்விழிக்குத் திண்டுக்கல்லிலேயே வேலை. மாதம் ஒரு தடவை வருவாள். தாயும் மகளும் கண்ணுச்சாமியைப் பற்றிப் பேசுவார்கள். சில நாள் அழுவார்கள். சில நாள் பேசாமல் டிவி பார்ப்பார்கள்.